லோடோட வாங்க

வண்டியின் பின்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பத்து எண்ணும் நேரம் அசையாமல் பார்ப்பார் சகாபுதீன். வண்டிக்காரர் இடையில் ஏதாவது பேச ஆரம்பித்தால் கையை மட்டும் உயர்த்துவார். பிறகு எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"லோடு எங்க?"

லோடு இல்லை, வண்டி வெறுமனேதான் வந்திருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கு அந்த வண்டிக்கு வேலை நடக்காது. "அப்ப போயிட்டு லோடோட வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவார். வந்தவர் விருதுநகரிலிருந்து வந்திருந்தாலும் சரி, சொந்த மச்சானாகவே இருந்தாலும் சரி. மச்சானையும் ஒருதரம் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். அவர் ஆறு மாதம் பேசவில்லை.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஆள் உயரத்துக்குப் பழைய கமான்பட்டைகள் குவிந்து கிடக்கும், அதுதான் விலாசம். வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காக அச்சின் மேல் வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள் அவை. அந்த வேலை ஒன்றைத்தான் செய்வார். இன்ஜினில் புகை வருகிறதென்று யாராவது சொன்னால், "எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாதுங்க, அருப்புக்கோட்டைக்குப் போங்க" என்று கூச்சமில்லாமல் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற மெக்கானிக்கை இந்த ஜில்லாவில் வேறெங்கும் பார்க்க முடியாது.

தெரிந்ததில் மனுஷன் புலி. ஸ்பானரால் பட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். எந்தப் பட்டையில் விரிசல் என்று அப்போதே சொல்லிவிடுவார். பட்டைகளுக்கு அவர் வைத்திருக்கும் கணக்கு குடும்பக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே நீளமாக இருப்பது மூத்தவன், அடியில் குட்டையாக இருப்பது கடைக்குட்டி. "மூத்தவன் நல்லாத்தான் இருக்கான். நடுவுலவன்தான் முதுகு முறிஞ்சு கெடக்கான். அவன எத்தன நாளா இப்படி வச்சு வேல வாங்குனீக?" என்று லாரிக்காரரைப் பார்த்துக் கேட்பார். ஏதோ வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்ட மாதிரி லாரிக்காரரும் தலையைக் குனிந்துகொள்வார்.

இத்தனை வண்டிகளை நிமிர்த்தி அனுப்புகிற இவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. பாளையம்பட்டி வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் வருகிறார். பஸ் காலியாகவே இருந்தாலும் பின்சக்கரத்துக்கு நேர்மேலே இருக்கிற சீட்டில்தான் உட்காருவார். தூக்கிப் போடுகிற இடம் என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்களே, அந்த சீட்டு. இறங்கும்போது டிரைவரிடம், "எடது பக்கம் மூணாவது பட்டை போச்சுண்ணே, டெப்போவுல சொல்லிருங்க" என்பார். "இந்த மனுசன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையப் பாக்க மாட்டாரு, வண்டிக்கு அடியிலதான் பாப்பாரு" என்று மனைவி நர்கிஸ் சொல்வதில் பொய் இல்லை.

சவூதியில் தம்மாமில் பதினான்கு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பாலைவனத்து மணலில் ஓட்டுவதற்காகப் பிக்கப் வண்டிகளைத் தூக்கி நிறுத்துவார்கள். முன்பக்கம் தூக்கினால் பின்பக்கம் தாழும், பின்பக்கத்தைத் தூக்கி நேராக்க வேண்டும். அதற்குக் கட்டை வைப்பதா, பட்டை கூட்டுவதா, காற்றடைத்த ரப்பர் பை வைப்பதா என்று சவூதி இளவட்டங்கள் மணிக்கணக்கில் பேசுவார்களாம். "அவுகளுக்கு அது வெளையாட்டு. வண்டி நிமிந்து நிக்கணும், போட்டோ எடுக்கணும். லோடுன்னு ஒண்ணு கெடயாது. அங்க போயி நான் என்ன கத்துக்கிட்டேன்னா, லோடு இல்லாத வண்டிக்கு என்ன போட்டாலும் சரியாத்தான் இருக்கும்." அந்த எரிச்சலில்தான் ஊருக்கு வந்ததும் லோடோடு வராத வண்டியைத் தொடுவதில்லை என்று ஆரம்பித்திருக்கிறார்.

அப்படிப்பட்டவரையே ஒரு வண்டி கவிழ்த்துவிட்டது.

மாசி முடிகிற சமயம். தனுஷ்கோடி என்று ஒரு கீதாரி பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். ஊர் ஊராக ஆட்டு மந்தையை நடத்திக்கொண்டு போய், அறுத்த வயல்களில் கிடை போட்டு உரம் சேர்க்கிற கூட்டத்துக்குத் தலைவரைத்தான் கீதாரி என்பது. பெரிய ஆடுகள் எத்தனை மைல் வேண்டுமானாலும் நடந்துவிடும். பிறந்து பத்து நாளான குட்டிகள் நடக்காது. அவற்றை ஏற்றிப் போகத்தான் அந்தப் பிக்கப். காட்டுப்பாதையில் வரப்பு வரப்பாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் அடிபடுகிறது என்று மதுரையில் ஒரு கடையில் மூன்று இஞ்சு தூக்கியிருக்கிறார். முன்பக்கம் தப்பித்தது. பின்பக்கம், குந்தப் போகிற நாய்போல ஆகிவிட்டது.

"பின்னாடி தாழ்ந்து நிக்குதேன்னு கேட்டேன் பாய். லோடு ஏறுனா சரியாயிரும்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"லோடு ஏறுனா பின்னாடி ஏறுமா, எறங்குமா? அதச் சொன்னவன் சோறுதான் திங்கிறானா கீதாரி?"

கொட்டகையில் காத்திருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். தனுஷ்கோடி சிரிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் ஓர் ஓடையிலிருந்து மேட்டில் ஏறும்போது உள்ளே இருந்த குட்டிகள் எல்லாம் சரிந்து பின்பலகையோடு போய் ஒட்டிக்கொண்டன. நடுவில் தட்டி வைத்துத்தான் தடுத்திருந்தார். அதையும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டன. "மேட்டுல ஏறி நிப்பாட்டிப் பாக்கேன், ஒண்ணு மேல ஒண்ணாக் கெடக்கு. அடியில இருந்த பதினோரு குட்டி மூச்சு முட்டிப் போச்சு பாய். எம் பொஞ்சாதி மூணு நாளு சோறு திங்கல." வருகிற புதன்கிழமை கிடையைப் பெயர்த்து நரிக்குடிப் பக்கம் போகவேண்டும். அதே ஓடையைத்தான் கடக்க வேண்டும். அறுபத்து மூன்று குட்டிகள். அதில் பாதிக்குமேல் அடுத்தவர்கள் நம்பி ஒப்படைத்த ஆடுகள் ஈன்றவை.

சிரித்த டிரைவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துவிடலாம் என்றார் ஒருவர். "கட்டை வச்சா ஒசரும். ஒசந்துக்கிட்டு ஆடும். ஆடுற வண்டியில குட்டி நிக்குமா?" என்றார் சகாபுதீன். காற்றுப் பை நல்லது என்று யூடியூப் பார்த்த இன்னொருவர் சொன்னார். "கருவேலங்காட்டுக்குள்ள போற வண்டிக்குப் பலூனா? ஒரு முள்ளு போதும்யா!" கடைசியில் பட்டையைக் கூட்டுவதுதான் வழி என்று சகாபுதீனே முடிவுக்கு வந்தார். வழக்கம்போலச் சொன்னார், லோடோட வாங்க.

குட்டிகளை ரோட்டோர வெயிலில் கொண்டுவந்து நிறுத்த முடியுமா? தனுஷ்கோடி விவரமான ஆள். பத்துக் குட்டிக்கு ஒரு மணல் மூட்டை என்று எடை பார்த்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வந்தார். தட்டி, சமையல் பாத்திரம், தார்ப்பாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. "இப்படி ஒரு மனுசன் வேணும்" என்று சகாபுதீன் பூரித்துப்போனார். பக்கத்துக்கு ஒரு புதுப் பட்டை சேர்த்தார். டீ கிளாஸில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வண்டியின் தளத்தில் வைத்தார். ஒரு பக்கமும் வழியவில்லை. வண்டி ரோடுபோல நேராக நின்றது.

சனிக்கிழமை காலையில் தனுஷ்கோடி திரும்பி வந்தார். கோபமாக வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இருபது குட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு காட்டுப்பாதையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு குட்டிக்குக் கால் பிசகிவிட்டது. மற்றவை பழையபடி பின்பலகையில் போய்க் குவிந்துவிட்டன.

"வண்டி நேராத்தான் நிக்குது பாய்," என்றார் மெதுவாக. "குட்டி நிக்க மாட்டேங்குது."

சகாபுதீனுக்கு முகம் சுண்டிவிட்டது. மதியம் நர்கிஸ் கொடுத்தனுப்பிய சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை. ஆட்டுக்காரர்கள் வண்டி ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு டிரைவர் ஆறுதல் சொல்ல வந்தார். "சும்மா இருங்க. அந்தாளு சொன்னதச் செஞ்சாரு. தப்பு எம்பேருல" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். பழியைத் தூக்கி வண்டிக்காரர் தலையில் போடுவது மெக்கானிக்குகளுக்குச் சுலபமான காரியம். அதை இவர் செய்யாததற்காகவே இவரைக் கும்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடை இருந்த காட்டுக்கே போய்விட்டார். முன்சீட்டில் உட்காரச் சொன்னார் தனுஷ்கோடி. "முன்னாடி உக்காந்து என்னத்தப் பாக்க? குட்டி எங்க நிக்குதோ அங்கதான் நானும்" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். ஐம்பத்தெட்டு வயதுக்கும் முழங்கால் வலிக்கும் இது ஆகாத வேலை. ஏற்றியிருந்த இருபது குட்டிகளுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஒன்று கைலி முனையைச் சப்பியது, ஒன்று முதுகில் முட்டியது. வண்டி கிளம்பியது. முதல் வரப்பிலேயே குட்டிகள் எல்லாம் அந்தரத்தில் எழும்பி விழுந்தன. அவரும் கூடவே எழும்பி விழுந்தார். லாரி கனத்துக்கு உரிய கெட்டிப் பட்டை. பரவி நிற்கிற குட்டிகளின் கனத்துக்கு அது வளைந்து கொடுக்கவே இல்லை.

அதைக்கூட அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பாராதது அடுத்து நடந்தது. காட்டுப்பாதை முடிகிறவரை வண்டி மெதுவாகத்தான் போகும், தாய் ஆடுகள் அதன் பின்னாலேயே நடந்து வரும். வண்டிக்குள் இருந்து ஒரு குட்டி கத்தியது. பின்னாலிருந்து ஒரு தாய் பதில் கொடுத்தது. அவ்வளவுதான். இருபது குட்டிகளும் ஒரே திரும்பு திரும்பி, தட்டியை நெட்டித் தள்ளிக்கொண்டு பின்பலகைக்கு ஓடின. பரவி நின்ற கனம் முழுக்க ஒரே ஓரத்தில் விழுந்ததும் பின்பக்கம் குபுக்கென்று தாழ்ந்தது. தாழ்ந்ததும் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து குவிந்தன.

சகாபுதீன் வண்டிக் கூரையைப் படபடவென்று தட்டி நிறுத்தினார். இறங்கி வந்த தனுஷ்கோடியைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத சிரிப்பு.

"கீதாரி, மணல் மூட்டைக்குத் தாய் இல்ல. அங்கதான் நான் கோட்ட விட்டுட்டேன். இது நடக்கிற லோடுங்க. வெச்ச எடத்துல இருக்காது."

அன்று மத்தியானமே வண்டி கொட்டகைக்கு வந்தது. புதிதாகப் போட்ட பட்டையைக் கழற்றினார். அதோடு நிற்காமல் பழைய அடுக்கில் இருந்த தடித்த பட்டை ஒன்றையும் உருவி எறிந்தார். "என்ன பாய், தூக்கணும்னு சொல்லிட்டு உள்ளதையும் கழட்டுறீக?" என்று டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "கூடப் போட்டுத்தான் தூக்கணும்னு யாரு சொன்னா?" என்றார். தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு வரைந்தார். நெருப்பு இல்லை, பட்டையை இரும்புக் கட்டைமேல் வைத்து, பிஸ்மி சொல்லி, சம்மட்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு விரல் விரலாக நகர்த்தி அடித்தார். அடித்ததைக் கொண்டுவந்து சாக்பீஸ் கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடி கொண்டுபோய் நாலு அடி. மூத்தவனும் அடுத்தவனும் இப்படிக் கூடுதலாக வளைந்து எழும்பினார்கள். அடுக்கு மெலிந்தது, வண்டியோ உயர்ந்தது. அடியில் மட்டும் வளையாத பட்டை ஒன்றை ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டினார். சும்மா போகும்போது அது எதையும் தொடாது. பின்பக்கம் தாழ்ந்து வந்தால் ஏந்திக்கொள்ளும். மெத்தென்று போகவும் வேண்டும், சாயாமலும் இருக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு.

சோதித்துப் பார்த்த விதம்தான் பந்தல்குடியில் இன்றைக்கும் பேச்சு. கொட்டகையில் இருந்த ஐந்து டிரைவர்களையும் வண்டியில் ஏற்றினார். தான் பின்னால் குத்தவைத்துக்கொண்டார். "நான் 'மே'ன்னு கத்துனா எல்லாரும் பின்பலகைக்கு ஓடியாரணும்" என்றார். கத்தினார். மீசை வைத்த ஐந்து பேரும் தடதடவென்று ஓடிவந்தார்கள். "பத்தாது, தாயக் கண்ட மாதிரி ஓடியாங்கய்யா!" மறுபடி கத்தினார். மதுரை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது, ஜன்னல் முழுக்கத் தலைகள். யாரைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. பட்டை இறங்குகிற இடத்திலேயே கண்ணை வைத்திருந்தார். பதினேழாவது தடவைக்குப் பிறகுதான், "போதும், எறங்குங்க" என்றார். டிரைவர்களுக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கிடைக்குப் போனார். புறப்படுவதற்கு முன்னால் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு மாட்டலுக்கும் கிரீஸ் அடைத்தார். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு குட்டிகளோடு ஏறி உட்கார்ந்தார். தனுஷ்கோடியின் மனைவி முத்துத்தாய் கடைசியாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். முந்தாநாள் பிறந்தது, கால் ஊன்றி நிற்கக்கூடத் திராணி இல்லை. "இத எங்க போட அண்ணே?" என்று தயங்கினார். "எங்கிட்டக் குடு தங்கச்சி" என்று வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

ஓடை வந்தது. பின்னால் தாய்கள் கத்தின. குட்டிகள் திரும்பி ஓடின. பின்பக்கம் தாழ்ந்தது, அடிப்பட்டை ஏந்தியது, அதோடு நின்றது. மேட்டில் ஏறும்போது குட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, காலை அகட்டிக்கொண்டு, நின்றன. அத்தனையும் நின்றன! மேட்டில் ஏறியதும் தனுஷ்கோடி வண்டியை நிறுத்தி ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.  சகாபுதீனின் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போய் ஓட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் நரிக்குடிப் பக்கத்துப் பம்ப்செட் வயலில் கிடை போட்டார்கள். மந்தை வந்து சேர்ந்ததும், மடியில் வைத்திருந்த குட்டியைத் தானே இறக்கிவிட்டார் சகாபுதீன். அதன் தாய் முதல் ஈத்து ஆடு. ஓடிவந்து முகர்ந்தது. முகர்ந்ததும் தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி உருண்டு விழுந்தது. தட்டுத் தடுமாறி எழுந்து மடிக்குப் போனது. மறுபடி முட்டு.

"ஏன், என்னாச்சு?" என்று பதறினார்.

முத்துத்தாய் குட்டியை எடுத்து மோந்து பார்த்தார். சொல்வதற்குச் சங்கடப்பட்டார். "கிரீஸ் வாடை அண்ணே. வழியெல்லாம் கையில வச்சிருந்தீகல்ல? தாய் ஆடு எம்பிள்ள இல்லேங்குது. பால் குடுக்காது."

"குடுக்காட்டி?"

"விடியிறவரைக்கும் தாங்காது."

சகாபுதீன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். மற்ற அறுபத்து மூன்றும் உயிரோடு வந்து, தான் நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்த ஒன்று தன்னாலேயே போகப் போகிறதா? முத்துத்தாய் அதற்குள் தாயின் பின்னங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து பாலைப் பீய்ச்சிக் குட்டியின் தலையிலும் முதுகிலும் வாலடியிலும் தடவினார். தாயின் மூக்கிலும் தடவினார். பொறுமையாக, மறுபடியும் மறுபடியும் தடவிக்கொண்டே இருந்தார். சகாபுதீன் பம்ப்செட் வாய்க்காலில் இறங்கினார். கரிசல் சகதியை அள்ளி முழங்கைவரை பூசித் தேய்த்துக்கொண்டே, அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். தாய் முகர்ந்தது. தலையை இழுத்துக்கொண்டது. இன்னொரு தடவை முகர்ந்தது. நாக்கை நீட்டிக் குட்டியின் முதுகில் ஒரு நக்கு நக்கியது. குட்டி மடியைத் தேடிப் பிடித்து வாலை ஆட்டியது.

"சேத்துக்கிருச்சு பாய்!" என்று கத்தினார் தனுஷ்கோடி. "வாங்க, மிச்சக் குட்டிகள எறக்குவோம். ஆளுக்கொரு கை."

சகாபுதீன் கையை உதறிக்கொண்டு வண்டிவரை வந்தார். பின்பலகைக்கு மேலே குட்டிகள் தலையை நீட்டிக் கத்தின. ஒன்றைத் தூக்கக் கையை நீட்டியவர், நிறுத்தி, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். திரும்பி நடந்து, வாய்க்காலில் குனிந்து, இன்னொரு கை சகதியை அள்ளினார்.